கல் பொறுக்குவதும் சமையல்தான்!

நான் பத்தாம் வகுப்பு வரை படித்த இல்லத்தரசி. ‘வெப்சைட் பற்றி எழுத வந்துவிட்டாளே’ என்று தோழியர் சிரிக்க வேண்டாம். கம்ப்யூட்டர் பாடம் நடத்த எனக்குத் தெரியாது. கண்ணில் படாத வேலைக்கு மதிப்பு உண்டா, இல்லையா என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த வழக்குதானே? அதைத்தான் எழுதுகிறேன்.

என் நாத்தனார் மகள் எங்கள் வீட்டில் தங்கி, பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம் படிக்கிறாள். ஐந்து பேர் சேர்ந்து ஒரு புராஜெக்ட் செய்ய வேண்டும் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். நான் இருக்கும் மகளிர் சுயஉதவிக் குழுவில் பொடி, வடாம், ஊறுகாய் போட்டு விற்கிறோம். “உங்க குழுவுக்கே ஒரு வெப்சைட் செய்து தர்றோம் அத்தை” என்றாள். எங்களுக்குக் கசக்குமா?

பிள்ளைகள் வேலையைப் பிரித்துக் கொண்டார்கள். ஒருவன் படமும் வண்ணமும். ஒருத்தி புரோகிராம் எழுத. ஒருவன் ஆர்டர் கணக்கு. ஒருத்தி அறிக்கை எழுத. மிச்சம் இருந்தது எங்கள் பெண்ணுக்கு வந்தது. ‘ஆக்ஸசிபிலிட்டி’ என்று பெயர் சொன்னாள். பார்வை இல்லாதவர், காது கேளாதவர், கை நடுங்குபவர், வயதானவர் யாராக இருந்தாலும், அடுத்தவர் துணையில்லாமல் அந்த வெப்சைட்டைப் பயன்படுத்த முடிகிறதா என்று பார்த்துச் சரி செய்வது.

“இது ஒரு வேலையா? கடைசி ரெண்டு நாள்ல பார்த்துக்கலாம்” என்றானாம் குழுத் தலைவனாக இருந்த பையன். இவள் முகம் வாடி வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொருவரும் என்ன செய்தார்கள் என்பதைப் பார்த்துத்தான் மார்க். ‘சரிபார்த்தாள்’ என்று ஒரு வரி எழுதினால் யார் மார்க் போடுவார்கள்?

எங்கள் தெருவில் பார்வை இல்லாத ஓர் அக்கா இருக்கிறார். பாட்டு டீச்சர். செல்போனைக் காதோரம் வைத்துக் கொண்டு மெசேஜ், செய்தி எல்லாம் கேட்பார். திரையில் உள்ள எழுத்தைப் படித்துச் சொல்லும் ‘ஸ்கிரீன் ரீடர்’ என்ற வசதி அது. ஆண்ட்ராய்டு போனில் அதன் பெயர் ‘டாக்பேக்’. கம்ப்யூட்டருக்கு ‘என்.வி.டி.ஏ.’ என்று ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது. அதை 2006-ல் தொடங்கியவர்கள் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இரண்டு இளைஞர்களாம். கேட்டதும் எனக்கு மெய் சிலிர்த்தது.

பாதி முடிந்த வெப்சைட்டை அந்த அக்காவின் போனில் போட்டுக் காட்டச் சொன்னேன். மாவடு ஊறுகாய் இருந்த இடத்தில் விரல் வைத்தார். “ஐ.எம்.ஜி. இரண்டு பூஜ்யம் மூன்று நான்கு” என்றது போன்! அது போட்டோவின் ஃபைல் பெயராம். ஊறுகாயின் பெயர், எடை, விலை எல்லாம் படத்துக்குள்ளேயே அழகழகாக எழுதியிருந்தார்கள். கண்ணுக்குத்தான் அது எழுத்து. மெஷினுக்கு அது வெறும் படம். ஆர்டர் கொடுக்கும் இடத்தில் மூன்று கட்டங்கள். எதில் பெயர், எதில் முகவரி, எதில் போன் நம்பர் என்று போன் சொல்லவே இல்லை.

அக்கா கோபப்படவில்லை. “எனக்கு இது பழக்கம்தான்மா. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வேன். ஆனா என்ன வாங்கறேன், எவ்வளவு செலவு பண்றேன்னு ஊருக்கெல்லாம் தெரியணுமா?” என்றார். நான் வாயடைத்துப் போனேன்.

அன்று முதல் எங்கள் பெண் ராத்திரி பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்தாள். ஒவ்வொரு படத்துக்கும் பின்னால், போன் படித்துச் சொல்வதற்கென்று ஒரு வரி எழுத வேண்டும். அந்த வேலைக்கு என்னைக் கூட்டு சேர்த்துக் கொண்டாள். ‘ஊறுகாய் பாட்டில்’ என்றேன் நான். “கடையில வந்து நிக்கிறவங்களுக்கு என்ன தெரியணும், அதைச் சொல்லுங்க அத்தை” என்றாள். ‘மாவடு ஊறுகாய், அரை கிலோ, கண்ணாடி பாட்டில்’ என்று திருத்தினோம். வெறும் அழகுக்காகப் போட்ட பூ, கோலம் படங்களுக்கு ஒன்றும் எழுதாமல், போன் அவற்றைத் தாண்டிப் போகும்படி செய்து விட்டாள். இல்லாவிட்டால் கேட்பவருக்கு அலுப்புத்தானே!

சரக்கு இருந்தால் பச்சைப் புள்ளி, தீர்ந்தால் சிவப்புப் புள்ளி என்று வைத்திருந்தார்கள். சிலருக்கு அந்த இரண்டு நிறமும் பிரித்துத் தெரியாது. புள்ளியின் பக்கத்திலேயே ‘உள்ளது’, ‘தீர்ந்து விட்டது’ என்று எழுத்தில் போட வைத்தாள். வெள்ளையில் வெளிர் சாம்பல் எழுத்து பார்க்க நாகரிகமாக இருந்தது. என் மாமியாரால் ஒரு வரி படிக்க முடியவில்லை. எழுத்தும் பின்னணியும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் வேறுபட வேண்டும் என்று உலக அளவில் ஒரு விதிமுறையே இருக்கிறதாம். 1999-ல் முதல் முறை வெளியிட்டு, அவ்வப்போது திருத்தி, 2023-ல் புதிய பதிப்பும் வந்திருக்கிறது. எழுத்தை அடர்த்தியாக்கியதும், கண்ணாடியைத் தேடாமலே மாமியார் விலைப்பட்டியலை வாசித்தார்.

பிழை கண்டுபிடிக்க கம்ப்யூட்டரிலேயே சோதனைக் கருவிகள் உண்டு. படத்துக்கு வரி எழுதவில்லை என்றால் காட்டிக் கொடுக்கும். எழுதிய வரி சரியா என்று அதற்குத் தெரியாது. பருப்புப் பொடிக்கு மிளகாய்ப் பொடி என்று எழுதி வைத்தாலும் ‘பாஸ்’ போட்டு விடும்! அதற்கு மனுஷர்தான் வேண்டும்.

இது இரக்கப்பட்டுச் செய்கிற காரியம் என்று நினைத்திருந்தேன். இல்லை, உரிமை. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 2.68 கோடிப் பேர். அவர்களுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இதையும் சொல்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று சுப்ரீம் கோர்ட் இன்னும் தெளிவாகச் சொல்லி விட்டது. ஆசிட் வீச்சில் முகமும் கண்ணும் பாதிக்கப்பட்ட பெண்களும், பார்வையற்ற ஒருவரும் தொடர்ந்த வழக்குகள் அவை. பேங்க் கணக்கு தொடங்க, கேமரா முன்னால் கண் சிமிட்டிக் காட்ட வேண்டுமாம். கண்ணே போனவள் எப்படிச் சிமிட்டுவாள்? இதுபோன்ற வசதிகள் எல்லோருக்கும் எட்டுவது வாழும் உரிமையிலேயே சேர்ந்தது என்று தீர்ப்பானது. படித்துச் சொன்னபோது இவள் குரல் கம்மியது.

அறிக்கையில் அந்த ஒரு வரிக்குப் பதிலாக ஒரு பட்டியலே தயாரித்தாள். என்ன குறை, அதனால் யாருக்குக் கஷ்டம், எப்படிச் சரி செய்தாள், யார் சோதித்தார்கள் என்று தேதி வாரியாக நான்கு பக்கம். தலைவன் பையன் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இவ்வளவு செஞ்சியா?” என்று கேட்டானாம்.

தேர்வு அன்று, வெளியிலிருந்து வந்த ஆசிரியர் “நீ என்ன செய்தாய்?” என்று கேட்டிருக்கிறார். இவள் பேசவில்லை. கம்ப்யூட்டரிலிருந்து மவுசைக் கழற்றி வைத்தாள். திரையை அணைத்தாள். கீபோர்டு மட்டும் கொண்டு, குரலைக் கேட்டுக் கேட்டே கால் கிலோ பருப்புப் பொடிக்கு ஆர்டர் கொடுத்து முடித்தாள். மார்க் இன்னும் வரவில்லை. ஆனால் பாட்டு டீச்சர் அக்காவிடமிருந்து எங்கள் குழுவுக்கு ஆர்டர் வந்து விட்டது. யாரையும் கூப்பிடாமல் அவரே கொடுத்தது.

தோழியரே! அரிசியில் கல் பொறுக்குவதை யாரும் சமையல் என்று சொல்வதில்லை. சாப்பிடும்போது பல்லில் கல் கடித்தால்தான் தெரியும், அந்த வேலை நடக்கவில்லை என்பது. உங்கள் வீட்டுப் பிள்ளை குழுவாக ஏதாவது செய்கிறேன் என்றால், ‘பார்வை இல்லாதவங்க இதைப் பயன்படுத்த முடியுமா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த வேலை உங்கள் பெண்ணுக்கு வந்தால், செய்ததையெல்லாம் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

நாமும் ஒன்று செய்யலாம். கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூட அறிவிப்பு, சீட்டுக் கணக்கு என்று வாட்ஸ்அப்பில் படமாக அனுப்புகிறோம் அல்லவா? கீழே நாள், நேரம், இடம் மூன்றையும் இரண்டு வரி டைப் அடித்து விடுங்கள். யாரோ ஒருவர் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டாமல் தெரிந்து கொள்வார்.

– வாசகி, கும்பகோணம்.