குறியும் பொருளும்

ஓலைச்சுவடிகளில் எழுதியோர் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. தொல்காப்பியம் மெய்யெழுத்துக்கும் எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளி வகுத்திருந்தும், ஏட்டில் அது விடுபட்டதால் குறிலா நெடிலா என்பதைப் படிப்போரே இடமறிந்து உணர வேண்டியிருந்தது. குறியைச் சரியாக உணர்ந்தால்தான் பொருள் துலங்கும். இவ்வுண்மை கணினிக்கும் பொருந்தும்.

தமிழக அரசு 2011இல் வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் 'பாஸ் லினக்ஸ்' என்னும் கட்டற்ற இயங்குதளமும் இடம்பெற்றது. கட்டற்ற மென்பொருளைப் பயனரே தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். லினக்ஸ் கணினித் திரையின் ஓரத்தில் தோன்றி மறையும் அறிவிப்புகளைக் காட்டும் எளிய மென்பொருள்களுள் ஒன்று 'டன்ஸ்ட்' ஆகும்.

ஒட்டுகள்

ஓர் அறிவிப்பில் சில சொற்களைத் தடித்தோ சாய்த்தோ காட்ட விரும்பினால், அவற்றின் முன்னும் பின்னும் கோண அடைப்புக்குறிகளாலான ஒட்டுகளை இடவேண்டும். ஒட்டு என்பது படிப்பதற்கன்று. எப்படிக் காட்டுவது என்று கணினிக்குச் சொல்வதற்கே உரியது. ஆனால், அதே கோணக்குறி கணிதத்தில் சிறியது, பெரியது என்பவற்றையும் உணர்த்துகிறதே! கணினி எதனை எப்படிக் கொள்ளும்?

மூன்று நெறிகள்

டன்ஸ்டின் அமைவுக் கோப்பில் இதற்கு மூன்று நெறிகள் உள்ளன. 'முழுமை' என்று அமைத்தால் ஒட்டுகள் ஏற்கப்பட்டு எழுத்து தடித்தோ சாய்ந்தோ தோன்றும். 'நீக்கல்' என்று அமைத்தால் ஒட்டுகள் களையப்பட்டு வெற்றுரை மட்டும் எஞ்சும். 'இல்லை' என்று அமைத்தால் வந்தது வந்தபடியே, கோணக்குறிகளுடன் காட்டப்படும்.

இவற்றுள் எது சிறந்தது? ஆந்திர எல்லையை ஒட்டிய பள்ளிப்பட்டில் வாழும் மாணவி ஒருத்தி, தன் பாட்டிக்கு மருந்து தரும் வேளையை நினைவூட்டக் கணினியில் ஓர் அறிவிப்பை அமைக்கிறாள் எனக் கொள்வோம். 'நாளொன்றுக்கு 2 முறை' என எழுதும்போது, எடுப்பாகத் தெரியட்டும் என்று 2 என்னும் எண்ணைக் கோண அடைப்புக்குள் இடுகிறாள். 'நீக்கல்' நெறியில் அவ்வெண்ணும் ஒட்டெனக் கருதப்பட்டு மறைந்துவிடும். 'நாளொன்றுக்கு முறை' என்பதே திரையில் எஞ்சும். பிழை எதுவும் நேர்ந்ததாகக் கணினி சொல்லாது. 'இல்லை' என்னும் நெறியிலோ எண் அப்படியே நிற்கும்.

'முழுமை' நெறியில் கோணக்குறியை எழுத்தாகவே காட்ட வேண்டுமெனில், அனுப்பும் மென்பொருள் அதற்குரிய மாற்றுக் குறியீட்டை இட்டு அனுப்ப வேண்டும். மேலும், எல்லா அறிவிப்புகளுக்கும் ஒரே நெறி வேண்டும் என்பதில்லை. பாடல் பெயரைக் காட்டும் மென்பொருளுக்கு ஒன்றும், எண்களைக் காட்டும் மென்பொருளுக்கு வேறொன்றுமாகத் தனித்தனி விதிகளை வகுக்கலாம்.

அழகு வேண்டுமிடத்து முழுமையும், பொருள் சிதையக்கூடாதவிடத்து வெற்றுரையும் தகும். அமைத்தபின் மாதிரி அறிவிப்பொன்றை அனுப்பிப் பார்த்தல் நன்று. புள்ளியில்லா ஏட்டைப் படித்தோர் தம் அறிவால் பொருளை மீட்டனர். கணினிக்கோ அவ்வறிவை நாமே விதியாக எழுதித் தரவேண்டும்.