திரையில் பறந்த விமானம் திடலில் ஏன் விழுகிறது?

பூன் லேயில் ஒரு வீவக வீடு. இரவு உணவு முடிந்ததும் கணினித் திரையில் ரிமோட் விமானம் ஓட்டிப் பழகுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதப் பயிற்சியில் கை நன்றாகத் தேறிவிட்டது. வட்டமடிக்கிறீர்கள், எட்டுப் போடுகிறீர்கள், ஓடுபாதையின் நடுக்கோட்டில் இறக்குகிறீர்கள். அந்தத் துணிவில் உண்மையான விமானம் ஒன்றை வாங்கித் திடலுக்குப் போகிறீர்கள். அரை நிமிடத்தில் அது புல்லில் மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கிறது.

பலருக்கு நேர்ந்த அனுபவம் இது. அப்படியானால் சிமுலேட்டர் பயிற்சி வீணா? இல்லை. அது எதைக் கற்றுத் தருகிறது, எதைக் கற்றுத் தருவதில்லை என்பதைப் பிரித்துப் பார்த்தால் விடை கிடைக்கும்.

பெரிய விமானங்களுக்கு மட்டும் எப்படி?

விமானிகளுக்கான சிமுலேட்டருக்குக் கிட்டத்தட்ட நூறு வயது. அமெரிக்காவின் எட்வின் லிங்க், தம் தந்தையின் ஆர்கன் இசைக்கருவித் தொழிற்சாலையில் பழகிய காற்றுத்துருத்திகளைக் கொண்டே 1929ல் தம் பயிற்சிக் கருவியை உருவாக்கினார். 1934ல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் கொண்டு செல்லும் பணியை ஏற்றபோது, மோசமான வானிலையில் பலர் உயிரிழந்தார்கள். அதன் பிறகே ராணுவம் லிங்கிடம் ஆறு கருவிகளை வாங்கியது.

இன்று சிலேத்தாரில் 2016ல் திறக்கப்பட்ட ஏர்பஸ் ஆசியப் பயிற்சி நிலையம் போன்ற இடங்களில், அறை முழுவதும் அசைந்தாடும் சிமுலேட்டர்கள் உள்ளன. அனுபவமுள்ள விமானி ஒருவர் புதிய விமான வகைக்கு மாறும்போது, பயிற்சி முழுவதையும் சிமுலேட்டரிலேயே முடிக்க விதிகள் இடம் தருகின்றன. அதன்பின் பயிற்றுநர் பக்கத்தில் இருக்க, பயணிகளோடேயே அவர் முதன்முறை பறக்கலாம்.

அங்கே அது பலிக்கக் காரணம் உண்டு. அந்த விமானி விமானத்துக்குள் உட்கார்ந்திருக்கிறார். வேகம், உயரம், சாய்வு எல்லாவற்றையும் எதிரே உள்ள கருவிகள் காட்டுகின்றன. சிமுலேட்டரிலும் அதே இருக்கை, அதே கருவிகள். ரிமோட் விமானம் ஓட்டும் நீங்களோ தரையில் நிற்கிறீர்கள். உங்களிடம் வேகமானி இல்லை. கண்தான் உங்கள் ஒரே கருவி. வீட்டுச் சிமுலேட்டர் சரியாகப் பழக்காததும் அந்தக் கண்ணைத்தான்.

கை கற்றுக்கொள்வது

முதலில் சிமுலேட்டருக்குரிய நன்றியைச் சொல்லிவிடுவோம். விமானம் உங்களைவிட்டு விலகிப் பறக்கும்போது அதன் வலப்பக்கமே உங்கள் வலப்பக்கம். அது திரும்பி உங்களை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிவிடுகின்றன. விமானத்தை வலப்பக்கம் திருப்பினால், அது உங்கள் இடப்பக்கம் போகும். புதியவர்கள் பெரும்பாலும் விமானத்தை இழப்பது இந்தக் குழப்பத்தில்தான்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. விமானம் உங்களை நோக்கி வரும்போது எந்த இறக்கை தாழ்கிறதோ, குச்சியை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். தாழ்ந்த இறக்கைக்கு முட்டுக்கொடுப்பதுபோல. யோசிக்காமலே கை இதைச் செய்யும் வரை நூற்றுக்கணக்கான முறை பழக வேண்டும். செலவில்லாமல் அத்தனை முறை பழக வைப்பது சிமுலேட்டர் ஒன்றே.

கண் ஏமாறும் இடம்

இனி திடலுக்கு வருவோம். உங்கள் விமானம் பறக்கக் காற்றோடு ஒப்பிட்டு மணிக்கு 25 கிலோமீட்டர் வேகமாவது வேண்டும் என்று கொள்வோம். அதற்குக் குறைந்தால் இறக்கை தூக்குவிசையை இழந்து விமானம் சரியும். இதற்கு ‘ஸ்டால்’ என்று பெயர். நீங்கள் 40 கிலோமீட்டர் வேகத்தில் பத்திரமாகப் பறக்கிறீர்கள். காற்று 15 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது.

காற்றை எதிர்த்துப் பறக்கும்போது, தரையில் நிற்கும் உங்கள் கண்ணுக்கு விமானத்தின் வேகம் 25தான். திரும்பிக் காற்றோடு சேர்ந்து பறக்கத் தொடங்கியதும் அதுவே 55 ஆகத் தெரிகிறது. “ஐயோ, பறந்துபோகிறதே!” என்று விசையைக் குறைக்கிறீர்கள். தரையிலிருந்து பார்க்க 38 ஆனதும் மனம் அமைதியடைகிறது. ஆனால் 38லிருந்து காற்றின் 15ஐக் கழித்தால் மிஞ்சுவது 23. இறக்கைக்குத் தேவை 25. விமானம் விழுகிறது. உங்கள் கண் பார்த்தது தரையை ஒட்டிய வேகம். இறக்கை அறிந்ததோ காற்றை ஒட்டிய வேகம்.

சிமுலேட்டரில் காற்றில்லாத வானத்தில் மட்டும் பழகியவருக்கு இந்தப் பாடம் கிடைப்பதே இல்லை.

தூரமும் அப்படித்தான். 1.2 மீட்டர் இறக்கையுள்ள விமானம் 150 மீட்டருக்கு அப்பால் போனால், கண்ணுக்கு முழுநிலவின் அகலமே தெரியும். அந்தத் தூரத்தில் அது வருகிறதா, போகிறதா என்று சொல்வதே கடினம். பல சிமுலேட்டர்களோ விமானம் தொலைவில் போனதும் காட்சியைத் தாமாகவே பெரிதாக்கிக் காட்டுகின்றன. திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும்போது கழுத்தைத் திருப்பவும் தேவையில்லை, சூரியனும் கண்ணில் அடிக்காது.

மூன்றாவது, எடைச் சமநிலை. திரையில் உள்ள விமானம் எப்போதும் சரியாகப் பூட்டப்பட்டது. உங்கள் விமானத்தில் பேட்டரியைக் கொஞ்சம் பின்னே தள்ளி வைத்தாலும் மூக்கு மேலெழுந்து அடங்காமல் ஆடும். பல பயிற்சி விமானங்களில் எடை மையம், இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை பறக்கும் முன்பும் அந்த இடத்தில் இரு விரல்களால் தாங்கிப் பாருங்கள்.

திடலுக்குப் போகும் முன்

இப்போது சிமுலேட்டரையே திருத்திக்கொள்ளலாம். திடலில் பயன்படுத்தப்போகும் அதே ரிமோட்டைக் கணினியில் இணையுங்கள். காற்றின் வேகத்தை 10, 15 கிலோமீட்டராக வையுங்கள். திசையை அடிக்கடி மாற்றுங்கள். காட்சி தானாகப் பெரிதாகும் வசதியை நிறுத்துங்கள். விழுந்ததும் ‘மீண்டும் தொடங்கு’ பொத்தானை அழுத்தாமல், அன்றைய பயிற்சியை அதோடு முடித்துவிடுங்கள். இழப்பு இருந்தால்தான் கை நடுங்கும். நடுங்கும் கையோடு ஓட்டுவதும் ஒரு பயிற்சிதான்.

முதல் சில நாள்கள் அனுபவமுள்ள ஒருவரோடு பறப்பது நல்லது. இரண்டு ரிமோட்டுகளை இணைத்து, உங்கள் கை தடுமாறினால் அவர் உடனே கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்ளும் வசதி உண்டு. காற்று குறைவான காலை வேளை ஏற்றது. ஆனால் விடியற்காலையில் வரும் ‘சுமத்ரா’ சூறைக்காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகம் வரை வீசக்கூடியது என்பதால் வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். அடுக்குமாடிக் கட்டடங்களுக்கும் மரங்களுக்கும் பின்னால் காற்று சுழலும். அந்தப் பக்கம் தரையிறக்க வேண்டாம்.

பூன் லே வாசிகளுக்கு ஒரு சொல்

போர் விமானங்களின் இரைச்சல் உங்களுக்குப் புதிதல்ல. தெங்கா ஆகாயப்படைத் தளம் அருகிலேயே இருக்கிறது. விமான நிலையத்திலிருந்தும் ராணுவ விமானத் தளத்திலிருந்தும் 5 கிலோமீட்டருக்குள் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. ஆகவே புளோக்குக்குக் கீழே உள்ள திடல் உங்கள் ஓடுதளம் அல்ல. வேறு இடங்களிலும் கடல்மட்டத்திலிருந்து 200 அடி, அதாவது ஏறத்தாழ 60 மீட்டருக்கு மேல் போக அனுமதி தேவை. 250 கிராமுக்கு மேற்பட்ட எடையென்றால் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்பவருக்கு 16 வயது ஆகியிருக்க வேண்டும். புறப்படும் முன் சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அண்மைய விதிகளைப் பார்த்துவிடுங்கள்.

இது வெறும் கெடுபிடி அல்ல. 2019 ஜூனில் சாங்கி விமான நிலையத்தின் அருகே ஆளில்லா வானூர்திகள் தென்பட்டதால் ஒரே இரவில் 37 விமானச் சேவைகள் தாமதமாயின. தரையில் உள்ளவர்களுக்கும் ஆபத்து உண்டு. ஒரு கிலோ எடையுள்ள நுரை விமானம் மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 112 ஜூல். வேகப்பந்து வீச்சாளர் மணிக்கு 130 கிலோமீட்டரில் வீசும் கிரிக்கெட் பந்தின் ஆற்றலைவிடச் சற்று அதிகம். அந்தப் பந்துக்கு எதிரே நிற்பவர் கவசம் அணிந்திருப்பார். திடலோரம் நடப்பவரிடம் கவசம் இருக்காது.

திரையில் விழுந்தால் உங்கள் பெருமை மட்டுமே அடிபடும். அங்கே எத்தனை முறை வேண்டுமானாலும் விழுங்கள். ஆனால் காற்றை வைத்துக்கொண்டு விழுங்கள்.