டொலேடோவில் ஒரு நாள்: மூன்று மதத்தார் வாழ்ந்த மலைநகரம்

ஸ்பெயின் நாட்டின் தலைநகர் மாட்ரிட். அங்கிருந்து தெற்கே சுமார் 70 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு பழைய ஊர் இருக்கிறது. அதன் பெயர் டொலேடோ.

மாட்ரிட் நகருக்கு வரும் வெளிநாட்டார் பலர் ஒரு நாளை இந்த ஊருக்கென்றே ஒதுக்கிவிடுகிறார்கள். காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். வேகமான ரெயிலில் அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும். காரில் போனால் ஒரு மணி நேரம்.

ஊர் சிறியது. ஆனால் அதன் வயது பெரியது!

ரோமானியர் காலத்திலேயே டொலேடோ இருந்தது. பிறகு விசிகாத் என்ற இனத்து அரசர்களுக்குத் தலைநகர் ஆயிற்று. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முஸ்லிம்கள் கைக்கு வந்தது. 1085ல் கிறிஸ்தவ மன்னர் ஆறாம் அல்போன்சோ அதைப் பிடித்தார். 1561ல் மன்னர் இரண்டாம் பிலிப் தமது அரசவையை இங்கிருந்து மாட்ரிட்டுக்கு மாற்றிக்கொண்டார்.

ராஜா போன பிறகு ஊர் அதிகம் வளரவில்லை. பழைய தெருக்கள் பழையபடியே நின்றுவிட்டன. அந்தப் பழமைதான் இன்று அதன் செல்வம். 1986ல் யுனெஸ்கோ இந்த ஊரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

வாருங்கள், அந்த ஊரை ஒரு சுற்று சுற்றி வருவோம்!

வழிகாட்டி எதற்கு?

டொலேடோவின் தெருக்கள் நேராகப் போகமாட்டா. வளையும், ஏறும், இறங்கும், திடீரென்று ஒரு சுவரில் போய் முட்டும். சில சந்துகள் மிகவும் குறுகல். ஒருவர் இரண்டு கைகளையும் விரித்தால் இரண்டு பக்கத்துச் சுவரையும் தொட்டுவிடலாம்.

கூட்டத்தோடு போகிறவர்கள் கொடி பிடித்தவர் பின்னால் ஓட வேண்டும். பாட்டி பின்தங்கிவிட்டால் நிற்க நேரம் இருக்காது. குழந்தை ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

அதனால் பல குடும்பத்தினர் தங்களுக்கென்று தனியாக ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொள்கிறார்கள். அரசாங்க உரிமம் பெற்ற வழிகாட்டிகள் இங்கே உண்டு. ஆங்கிலம் பேசுகிறவர்களும் கிடைப்பார்கள். முன்கூட்டியே பேசி வைத்தால் ரெயில் நிலையத்துக்கே வந்துவிடுவார்கள்.

வழிகாட்டி இல்லாமல் போனால் சுவர் தெரியும். வழிகாட்டியோடு போனால், அந்தச் சுவரைக் கட்டியவர் யார், அதற்குள் வாழ்ந்தவர் யார், அங்கிருந்து துரத்தப்பட்டவர் யார் என்பதும் தெரியும். டொலேடோவில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமே அதுதான்.

மூன்று பக்கம் ஆறு

வழிகாட்டிகள் முதலில் ஊருக்குள் அழைத்துப் போவதில்லை. ஆற்றின் அக்கரையில் ஒரு மேடான சாலைக்குக் காரில் கூட்டிச் செல்வார்கள். அங்கிருந்து பார்த்தால் முழு ஊரும் ஒரே பார்வையில் தெரியும்.

பாறைக் குன்று ஒன்று. அதன் மேல் ஊர். அதை மூன்று பக்கமும் சுற்றி வளைத்துக்கொண்டு ஓடுகிறது தாஹோ ஆறு. இயற்கையே வெட்டிய அகழி அது! எதிரி ஆற்றைத் தாண்டிச் செங்குத்தான பாறையில் ஏற வேண்டும். நான்காவது பக்கத்துக்கு மட்டும் கோட்டைச் சுவர் கட்டினால் போதும். அரசர்கள் இந்தக் குன்றை விரும்பிய காரணம் இதுதான்.

செங்கல்லில் கட்டிய சிறிய மசூதி

வடக்குக் கோட்டை வாசல் பக்கம் ஒரு சிறிய கட்டிடம் இருக்கிறது. அது மசூதியாகக் கட்டப்பட்டது. கட்டிய ஆண்டு 999. அந்தச் செய்தியை முன்சுவரில் செங்கல்லாலேயே அரபு எழுத்தில் பதித்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டு கடந்தும் அது அழியவில்லை.

உள்ளே சுமார் 26 அடி சதுரம்தான். மேலே பார்த்தால் ஒன்பது சிறு விதானங்கள். ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை!

பிற்காலத்தில் இது மாதா கோவிலாக மாறியது. இதைப் பற்றி ஒரு கதை உண்டு. 1085ல் மன்னர் அல்போன்சோ ஊருக்குள் நுழைந்தபோது, இந்த இடத்தில் குதிரை மண்டியிட்டுவிட்டதாம். சுவரை இடித்துப் பார்த்தார்களாம். உள்ளே ஏசுவின் சிலுவை முன் ஒரு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்ததாம். குதிரை மண்டியிட்ட இடம் என்று ஒரு வெள்ளைக் கல்லையும் காட்டுவார்கள். கதையை நம்புகிறவர்கள் நம்பலாம். கட்டிடம் மட்டும் உண்மை.

பேராலயத்தில் ஒரு முஸ்லிமின் சிலை

ஊரின் நடுவே பெரிய மாதா கோவில் இருக்கிறது. 1226ல் கட்டத் தொடங்கினார்கள். 1493ல்தான் முடித்தார்கள். 267 ஆண்டுகள்! அஸ்திவாரம் போட்டவர்களின் பேரன்களுக்குப் பேரன்கள்கூட முடிந்ததைப் பார்த்திருக்கமாட்டார்கள்.

இந்த இடத்தில் முன்பு பெரிய மசூதி இருந்தது. அதில் கைவைக்கமாட்டேன் என்று முஸ்லிம்களுக்கு மன்னர் வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் அவர் வெளியூர் போயிருந்தபோது, அரசியும் பேராயரும் மசூதியைக் கைப்பற்றிவிட்டார்கள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள்.

மன்னருக்கு அடங்காத கோபம். தண்டிக்கத் திரும்பி வந்தார். அப்போது அவரை எதிர்கொண்டு வந்தவர் அபு வாலித் என்ற முஸ்லிம் பெரியவர். “அவர்களை மன்னித்துவிடுங்கள், ஊரில் அமைதி வேண்டும்” என்று அவரே கேட்டுக்கொண்டாராம்.

அந்தப் பெரியவரின் சிலை இன்றும் கோவிலின் மூல பீடத்துக்கு அருகில் ஒரு தூணில் இருக்கிறது. கிறிஸ்தவ ஆலயத்தின் மிகப் புனிதமான இடத்தில் ஒரு முஸ்லிமின் சிலை! வழிகாட்டி விரல் நீட்டிக் காட்டாவிட்டால் யார் கண்ணிலும் படாது.

பஞ்சதந்திரம் வந்த வழி

டொலேடோவுக்கு இன்னொரு பெருமை உண்டு. அது புத்தகப் பெருமை.

12ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பல பகுதிகளில் பழைய கிரேக்க அறிவு நூல்கள் கிடைக்கவில்லை. ஆனால் அரபு மொழியில் அவை இருந்தன. டொலேடோவிலும் இருந்தன. இத்தாலி நாட்டைச் சேர்ந்த ஜெரார்டு என்பவர் வான நூல் ஒன்றைத் தேடி இங்கே வந்தார். அரபு மொழி கற்றார். வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். 1175ல் அந்த நூலை லத்தீனில் மொழிபெயர்த்து முடித்தார். அதோடு விடவில்லை. கணிதம், வைத்தியம் என்று எழுபதுக்கு மேற்பட்ட நூல்களை மொழிபெயர்த்தார்.

சில நூல்களை இரண்டு பேர் சேர்ந்து மொழிபெயர்த்தார்கள். அரபு தெரிந்த யூதர் ஒருவர் படித்து, ஊர்ப் பேச்சு மொழியில் சொல்வார். கிறிஸ்தவப் பாதிரியார் அதைக் கேட்டு லத்தீனில் எழுதுவார். எழுதியவர் முஸ்லிம், படித்துச் சொன்னவர் யூதர், ஏட்டில் ஏற்றியவர் கிறிஸ்தவர்!

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. இந்த ஊரில் பிறந்தவர் பத்தாம் அல்போன்சோ. அவர் இளவரசராக இருந்தபோது, 1251ல், அரபுக் கதை நூல் ஒன்றை ஸ்பானிய மொழியில் பெயர்க்கச் செய்தார். அது என்ன நூல் தெரியுமா? நம் நாட்டில் பிறந்து, பாரசீகம் போய், அரபு மொழிக்கு வந்த பஞ்சதந்திரம்தான்! நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்கும் சிங்கம், எருது, நரிக் கதைகளை ஸ்பெயின் நாட்டுப் பிள்ளைகளும் அன்றே கேட்டார்கள்.

ஓவியத்தில் ஒரு சிறுவன்

சாந்தோ தோமே என்ற கோவிலில் ஒரு பெரிய ஓவியம் இருக்கிறது. உயரம் சுமார் 16 அடி. அகலம் சுமார் 12 அடி. வரைந்தவர் எல் கிரேக்கோ. கிரீட் தீவில் பிறந்தவர். 1577ல் டொலேடோவுக்கு வந்தார். 1614ல் இங்கேயே காலமானார். அந்நியராக வந்தவரால் ஊர் புகழ் பெற்றது.

தருமவானாகிய ஒரு பிரபுவின் உடலை வானத்திலிருந்து வந்த இரண்டு புனிதர்கள் கல்லறையில் வைக்கும் காட்சி அது. முன்னால் தீவட்டி பிடித்தபடி ஒரு சிறுவன் நிற்கிறான். அவன் ஓவியரின் மகன். அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டை எட்டிப் பார்க்கிறது. அதில் 1578 என்று எழுதியிருக்கிறது. மகன் பிறந்த ஆண்டு! பெரிய ஓவியத்தின் ஓர் ஓரத்தில் தகப்பனாரின் பாசம் ஒளிந்திருக்கிறது.

நான்கு மாதத் தவணை

பக்கத்திலேயே யூதர்கள் வாழ்ந்த பகுதி. இரண்டு பழைய யூத ஆலயங்கள் மிஞ்சியிருக்கின்றன.

ஒன்று, வெள்ளை வெளேரென்ற தூண்களும் குதிரை லாடம் போன்ற வளைவுகளும் நிறைந்தது. கிறிஸ்தவ அரசரின் ஆட்சியில், முஸ்லிம் கட்டிடக் கலை முறையில், யூதர்கள் கும்பிடுவதற்காக எழுந்த ஆலயம் அது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை மாதா கோவிலாக மாற்றிவிட்டார்கள்.

மற்றொன்றை 14ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டியவர் சாமுவேல் லெவி. மன்னர் பெத்ருவின் பொக்கிஷ அதிகாரி. பிறகு அதே மன்னர் அவரைச் சிறைப்பிடித்தார். சித்திரவதையில் சாமுவேல் மாண்டார். அவர் கட்டிய ஆலயம் இப்போது ஸ்பெயின் யூதர்களின் வரலாற்றைக் காட்டும் அருங்காட்சியகம்.

மூன்று மதத்தாரும் எப்போதும் அண்ணன் தம்பியாக இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. 1391ல் யூதர்கள் மீது பெரும் தாக்குதல் நடந்தது. பலர் உயிருக்குப் பயந்து மதம் மாறினார்கள்.

1492 மார்ச் 31ஆம் தேதி அரசர் பெர்டினாண்டும் அரசி இசபெல்லாவும் ஒரு கட்டளை பிறப்பித்தார்கள். யூதர்கள் மதம் மாற வேண்டும். இல்லாவிட்டால் நாட்டை விட்டு ஓட வேண்டும். தவணை நான்கு மாதம். பொன்னும் வெள்ளியும் எடுத்துப் போகக்கூடாது!

தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீட்டைக் கிடைத்த விலைக்கு விற்றார்கள். கிழவரும் குழந்தையுமாகப் புறப்பட்டார்கள். போர்ச்சுகல், மொராக்கோ, துருக்கி என்று சிதறினார்கள். அவர்கள் வழியில் வந்த சிலர் பிற்காலத்தில் நமது கொச்சி நகரிலும் குடியேறினார்கள்.

1502ல் முஸ்லிம்களுக்கும் அதே கதி வந்தது. மதம் மாறு, அல்லது வெளியேறு!

துரத்தப்பட்ட யூதர்கள் பழைய ஸ்பானியப் பேச்சை மறக்கவில்லை. துருக்கியிலும் அதையே பேசினார்கள். விட்டுவந்த வீட்டின் சாவியைப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்து வைத்த குடும்பங்களும் உண்டு என்று சொல்வார்கள்.

2015ல் ஸ்பெயின் நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. துரத்தப்பட்டவர்களின் சந்ததியாருக்குக் குடியுரிமை தர வழி செய்தது. 2019 வரை மனுக்கள் வாங்கினார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மனுச் செய்தார்கள். 523 ஆண்டுகளுக்குப் பிறகு கதவு திறந்தது!

புருஷனைக் காத்த மனைவி

மாலையில் மேற்கே இறங்கினால் சான் மார்ட்டின் பாலம். இதற்கும் ஒரு கதை உண்டு.

பாலம் கட்டிய சிற்பி தமது கணக்கில் தவறு கண்டாராம். சாரத்தை எடுத்தால் வளைவு விழுந்துவிடும். வெளியே சொன்னால் மானம் போகும். சோறு இறங்காமல் தவித்தார். காரணம் அறிந்த மனைவி, அன்றிரவே யாரும் அறியாமல் சாரத்துக்குத் தீ வைத்துவிட்டாள்! பாலம் விழுந்தது. விபத்து என்று ஊர் நினைத்தது. சிற்பி திருத்தமாகத் திரும்பக் கட்டினார். பிறகு அவள் பேராயரிடம் போய் உண்மையைச் சொன்னாள். அவர் தண்டிக்கவில்லை, சிற்பிக்கு வாய்த்த மனைவியைப் பாராட்டினார் என்பது கதை.

வாளும் இனிப்பும்

டொலேடோ வாள் உலகப் புகழ் பெற்றது. இப்போது சண்டைக்கு வாள் தேவையில்லை. ஆனாலும் கடைகளில் வாள்கள் தொங்குகின்றன. கருமையாக்கிய எஃகில் பொன் கம்பியை அடித்துப் பதித்துப் பூவேலை செய்கிறார்கள். அரபுக்காரர்கள் வளர்த்த கலை அது. வளையல், தோடு, சிறு தட்டு எல்லாம் கிடைக்கும்.

குழந்தைகளுக்கு ‘மாசபான்’ வாங்கலாம். பாதாம் பருப்பையும் சர்க்கரையையும் அரைத்துச் செய்யும் இனிப்பு. நம் பாதாம் பர்பிக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம்.

போகிறவர்கள் கவனிக்க

தெருவெல்லாம் உருளைக் கல். வழுக்காத செருப்பு அவசியம். கோடையில் வெயில் நம் ஊர் அக்கினி நட்சத்திரம் போலக் கொளுத்தும். தண்ணீர் கையில் இருக்கட்டும். வயதானவர்கள் குன்றில் ஏறச் சிரமப்பட வேண்டாம். கோட்டைச் சுவரின் அருகிலிருந்து மேலே போக மின்சாரப் படிக்கட்டு இருக்கிறது. யூத அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை.

வழிகாட்டியிடம் முதலிலேயே மூன்று விஷயம் பேசிவிடுங்கள். எத்தனை மணி நேரம்? கார் உண்டா? நுழைவுக் கட்டணம் கூலியில் சேர்ந்ததா, தனியா? பிறகு மனக்கசப்பு வராது.

டொலேடோவில் மசூதி இருக்கிறது, தொழுகிறவர் இல்லை. யூத ஆலயம் இருக்கிறது, கும்பிடுகிறவர் இல்லை. அவர்களைத் துரத்தியவர்களின் நாடு, இன்று அவர்கள் விட்டுப்போன சுவர்களைப் பொன் போல் காக்கிறது. அதைப் பார்க்க உலகமே வருகிறது.

சுவரைக் காப்பது சுலபம். அதற்குள் வாழ்ந்த அண்டை வீட்டாரை அன்றே காத்திருக்க வேண்டும். டொலேடோ நமக்குச் சொல்லும் செய்தி அது.