கிழவர் வாய் திறப்பாரா?

1948-ம் ஆண்டில் கியூபா தீவையே ஒரு ரேடியோ நாடகம் கட்டிப் போட்டது. நாடகத்தின் பெயர் "பிறக்கும் உரிமை". ஹவானா நகரின் சி.எம்.கியூ. நிலையம் அதை ஒலிபரப்பியது. மொத்தம் 314 பகுதிகள்! எழுதியவர் பெலிக்ஸ் கெய்னெட்.

கதையைக் கேளுங்கள்.

டான் ரபேல் பெரிய பணக்காரர். மானமே உயிர் என்று இருப்பவர். அவருடைய மகள் கல்யாணம் ஆகாமலே தாயாகிவிட்டாள். குடும்பப் பெயர் கெட்டுவிடுமே! குழந்தையைத் தீர்த்துவிடும்படி கிழவர் ரகசிய உத்தரவு போட்டார். ஆனால் வீட்டில் வேலை செய்த டோலரஸ் என்ற கறுப்பினப் பெண் பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். தன் பிள்ளையாகவே வளர்த்தாள். பையன் படித்து டாக்டர் ஆனான். பெற்ற தாயோ கன்னிமாடத்தில் சேர்ந்துவிட்டாள். மகன் உயிரோடு இருப்பது அவளுக்குத் தெரியாது.

வருஷங்கள் ஓடின. டான் ரபேல் சாகக் கிடந்தார். தன் ரத்தத்தையே கொடுத்து அவரைப் பிழைக்க வைத்தான் ஓர் இளம் டாக்டர். யார் அவன்? அவர் கொல்லச் சொன்ன பேரன்தான்!

பிறகு கிழவருக்கு உண்மை தெரிந்தது. வீட்டாரிடம் சொல்வதற்குள் பக்கவாதம் தாக்கியது. பேச்சு நின்றுவிட்டது.

அவ்வளவுதான். "டான் ரபேல் இன்று பேசுவாரா?" என்பதே ஊரெல்லாம் கேள்வி. விஷயம் கிழவருக்குத் தெரியும், கேட்பவர்களுக்கும் தெரியும். வீட்டில் உள்ளவர்களுக்கு மட்டும் தெரியாது. இந்த நிலையில் ரேடியோவை மூட யாருக்கு மனம் வரும்? குழந்தையைக் கொல்லச் சொன்ன வாய்தான் அது. அதே வாய் திறக்காதா என்று ஜனங்கள் ஏங்கினார்கள்!

கிழவர் ஊமையானதற்கு ஒரு வேடிக்கைக் காரணமும் சொல்கிறார்கள். அந்த வேஷம் போட்ட நடிகர் சம்பளம் கூடக் கேட்டாராம். ஆசிரியர் உடனே அவர் பேச்சை நிறுத்திவிட்டாராம். முனகுவதற்கு யாராயிருந்தால் என்ன?

காதால் கதை கேட்பது கியூபா மக்களுக்குப் புதிதல்ல. அங்கே சுருட்டுத் தொழிற்சாலைகளில், தொழிலாளிகள் சுருட்டு சுற்றும்போது ஒருவர் மேடையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். பத்திரிகையும் படிப்பார், நாவலும் படிப்பார். 1865-லிருந்தே உள்ள வழக்கம் இது. எழுத்துத் தெரியாதவனும் இப்படிப் பெரிய பெரிய கதைகளைக் கேட்டான்.

ரேடியோ நாடகங்களுக்குப் பணம் போட்டவர்களில் சோப்புக் கம்பெனிக்காரர்கள் முக்கியமானவர்கள். கிழவர் மௌனம் நீள நீள, விளம்பரம் கேட்கும் காதுகளும் கூடத்தானே செய்யும்!

ஒருவழியாக டான் ரபேல் பேசினார். 1952-ல் மெக்சிகோவில் இந்தக் கதை சினிமாவாகவும் வந்தது. நாள் கணக்கில் காத்திருந்து கேட்ட முடிவு, கொட்டகையில் ஒரே ஆட்டத்தில் கிடைத்துவிட்டது.