1952: கைகளால் மூச்சளித்த ஆண்டு

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் காத்திருக்கும் உறவினர்களிடம், "நோயாளிக்கு வென்டிலேட்டர் பொருத்த வேண்டியுள்ளது" என்று நாங்கள் கூறும்போது, பெரும்பாலும் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: "அப்படியானால் இனி நம்பிக்கை இல்லையா, டாக்டர்?" அந்த அவசர வேளையில் இதற்கு முழுமையாக விடை கூற எங்களால் இயலுவதில்லை. அக்கருவியின் பயன்பாடு எவ்வாறு தோன்றியது என்பதை அறிந்தால் அச்சம் ஓரளவேனும் குறையும் என்பதால், 1952ஆம் ஆண்டைப் பற்றி இங்கே எழுதுகிறோம்.

அவ்வாண்டு மே மாதம் பயணிகளுக்கான ஜெட் விமானச் சேவை தொடங்கியது. நவம்பரில் பசிபிக் பெருங்கடலில் ஹைட்ரஜன் குண்டு முதன்முறையாக வெடித்துச் சோதிக்கப்பட்டது. வரலாற்று நூல்கள் இவற்றையே முதலில் குறிப்பிடும். எங்களுக்கோ டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் இருந்த பிளெக்டாம் தொற்றுநோய் மருத்துவமனைதான் நினைவுக்கு வரும்.

அவ்வாண்டுக் கோடையில் அந்நகரில் இளம்பிள்ளை வாதம் கடுமையாகப் பரவியது. சில நாட்களில் ஐம்பது பேர் வரை புதிதாகச் சேர்க்கப்பட்டனர். நோய் கைகால்களோடு நில்லாமல், விழுங்கும் தசைகளையும் மூச்சுத் தசைகளையும் தாக்கியவர்களின் நிலைமை மிகவும் மோசமாக இருந்தது. உடலை உள்ளே கிடத்தி, வெளிக்காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மார்பை விரியச் செய்யும் 'இரும்பு நுரையீரல்' அங்கே ஒன்றே ஒன்று இருந்தது. மார்புக்கவசம் போன்ற சிறிய கருவிகள் ஆறு. முதல் மூன்று வாரங்களில் இவற்றின் துணையோடு சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்தனர்.

தலைமை மருத்துவர் லாசன், பியோர்ன் இப்சன் என்னும் மயக்கவியல் மருத்துவரை அழைத்து ஆலோசனை கேட்டார். மயக்கவியல் மருத்துவருக்கு அறுவை அரங்கிற்கு வெளியே வேலையில்லை என்று கருதப்பட்ட காலம் அது. இறந்தவர்களின் குறிப்புகளைப் பார்த்த இப்சன், மூச்சு போதாமையால் உடலில் கரியமில வாயு தேங்கியதே மரணத்திற்குக் காரணம் என்று உணர்ந்தார். ஆகஸ்ட் 27 அன்று, மூச்சுவிட இயலாமல் இருந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் துளையிட்டு, மூச்சுக்குழாயில் குழல் செலுத்தி, ரப்பர் பையைக் கையால் அழுத்திப் பிராணவாயுவை உட்செலுத்த முயன்றார். சிறுமி திணறிப் போராடியதால் காற்று உள்ளே செல்லவில்லை. மயக்க மருந்து அளித்து அவள் உடல் தளர்ந்த பின்னரே பை பயன்பட்டது. அவள் பிழைத்தாள்.

வழி தெரிந்துவிட்டது, ஆனால் இயந்திரம் இல்லை. ஒரு கட்டத்தில் ஏறத்தாழ எழுபது நோயாளிகளுக்கு ஒரே நேரத்தில், இரவும் பகலும் பையை அழுத்த வேண்டியிருந்தது. அப்பணியை மேற்கொண்டவர்கள் மருத்துவ மாணவர்கள். முறை வைத்துக்கொண்டு ஏறத்தாழ 1,500 மாணவர்கள் படுக்கையருகே அமர்ந்து, மொத்தம் 1,65,000 மணி நேரம் கையாலேயே மூச்சளித்தனர். குழந்தைகளுக்குக் கதை படித்துக் காட்டிக்கொண்டே அழுத்தியவர்களும் உண்டு. எல்லோரும் பிழைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தம் கையிலிருந்த பையின் மறுமுனையில் உயிர் பிரிவதைக் கண்ட மாணவர்களும் இருந்தனர். ஆயினும் நூற்றுக்கு எண்பதுக்கும் மேலாக இருந்த மரண விகிதம் ஏறத்தாழ நாற்பதாகக் குறைந்தது. பின்னர் மேலும் குறைந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் இப்சன் அந்நகரின் மற்றொரு மருத்துவமனையில் தொடங்கிய பிரிவே இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது.

இன்று வென்டிலேட்டர் செய்வது அம்மாணவர்களின் கைகள் செய்த வேலையைத்தான். அது நோயைக் குணப்படுத்துவதில்லை. மருந்தும் உடலும் தம் வேலையைச் செய்து முடிக்கக் கால அவகாசம் தருகிறது. அந்த அவகாசம் போதுமா என்பது அடிப்படை நோயைப் பொறுத்தது. ஆகவே உறவினர்கள் எங்களிடம் கேட்க வேண்டியது, "எந்தக் காரணத்தால் மூச்சு தடைப்பட்டது, அக்காரணம் நீங்கக்கூடியதா?" என்பதே. நோயாளியை ஒரு பிரிவிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது ஊழியர் ஒருவர் கையால் அழுத்திக்கொண்டே வரும் பையைப் பலர் பார்த்திருப்பீர்கள். தானே விரிந்துகொள்ளும் அத்தகைய பையும் 1956இல் டென்மார்க்கிலிருந்து வந்ததே.

அதே 1952இல் அமெரிக்காவில், பிறந்த குழந்தையின் நிலையைப் பத்து மதிப்பெண்களில் கணிக்கும் முறையை வர்ஜினியா ஆப்கார் முன்வைத்தார். இன்றும் பிரசவ அறைகளில் அம்மதிப்பெண் குறிக்கப்படுகிறது. நின்றுபோன இதயத் துடிப்பை மார்பின் மேலிருந்து மின்தூண்டல் கொடுத்து மீட்கலாம் எனப் பாஸ்டனில் பால் ஜோல் காட்டினார்.

இவற்றைவிட நம் வீடுகளுக்கு நெருக்கமானது ஐசோனியசிட். 1912இல் பிராக் நகரில் உருவாக்கப்பட்டும் நாற்பது ஆண்டுகள் எவரும் பயனறியாதிருந்த அந்த வேதிப்பொருள் காசநோய்க் கிருமியைக் கொல்லும் என்பது 1952இல் அறிவிக்கப்பட்டது. விலை மலிவு, ஊசி தேவையில்லை, விழுங்கினாலே போதும். அதுவரை காசநோயாளர்கள் மாதக்கணக்கில் சானடோரியங்களில் தங்க வேண்டியிருந்தது. மாத்திரை வந்த பிறகும் அது தேவையா என்ற ஆய்வு, 1956இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தில் நடைபெற்றது. ஐசோனியசிட்டுடன் மற்றொரு மருந்தும் சேர்த்து ஓராண்டு வழங்கப்பட்டது. ஒரு சாரார் சானடோரியத்திலும், மற்றொரு சாரார் இடவசதியும் ஊட்டமும் குறைந்த தம் வீடுகளிலும் சிகிச்சை பெற்றனர். இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959இல் வெளியான இம்முடிவுக்குப் பின் பல நாடுகள் காசநோயாளர்களை வீட்டிலிருந்தே சிகிச்சை பெறச் செய்தன.

இன்று எங்கள் புறநோயாளர் பிரிவில் காசநோய்க்கென ஆறு மாதங்களுக்குத் தரப்படும் கூட்டு மாத்திரையிலும் ஐசோனியசிட் இருக்கிறது. இரண்டாம் மாதத்தில் இருமல் நின்று, பசி திரும்பியதும், "இனி எதற்கு?" என்று நோயாளி மாத்திரையை ஒதுக்கிவைப்பதுண்டு. அப்போது வீட்டில் உள்ள ஒருவர் எங்களுக்குத் தெரிவித்தால், அடுத்த வருகை வரை காத்திராமல் நாங்களே அவரை அழைத்துப் பேசுவோம்.