குறுந்தொகைக் கள்ளி யாது?

பாலை நிலத்தின் வெம்மையைப் புலப்படுத்தச் சங்கப் புலவர் எடுத்தாண்ட தாவரங்களுள் கள்ளியும் ஒன்று. இன்று கள்ளி என்றவுடன் பலர் உள்ளத்தில் எழுவது, தட்டைத் தண்டும் செந்நிறக் கனியும் உடைய சப்பாத்திக்கள்ளியே. அவ்வுருவத்தைக் கொண்டு பழம்பாடலைப் பயிலுதல் பொருந்துமா என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

இதற்குப் பெருந்துணையாவது வெண்பூதியார் பாடிய குறுந்தொகை 174-ஆம் செய்யுள். தலைவன் பொருள்வயிற் பிரியக் கருதியமையைத் தோழி உணர்த்த, தலைவி கூறும் விடை அது. மழை துறந்த காட்டில் கள்ளியின் காய் வெடிக்கும் ஓசை, இணைந்திருந்த புறாக்களை வெருட்டுகின்றது. புலவர் தரும் அடையாளங்கள் இரண்டு: கள்ளியின் முள் கவைத்தது, அதன் காய் ஒலியுடன் வெடிப்பது.

இவ்விரண்டும் சதுரக்கள்ளியிடம் ஒருங்கே காணப்படுகின்றன. லின்னேயசு 1753-இல் யூபோர்பியா ஆன்டிகுவோரம் எனப் பெயரிட்டது இச்செடிக்கே. இந்தியாவிலும் இலங்கையிலும் வறண்ட பாறைக் குன்றுகளில் இஃது இயல்பாக வளர்கின்றது. இதன் கிளைகள் 3 முதல் 5 வரை விளிம்புகள் உடையன. விளிம்பின் மேடுதோறும் ஓரடியினின்று இருமுட்கள் தோன்றி விலகி நிற்கும். கவை என்பது இதுவே. இலைகள் சிறியன, விரைவில் உதிர்வன. பசிய தண்டே நீரைத் தேக்கி உணவையும் ஆக்கும். கீறினால் பால் வடியும். காய் மூவறை உடையது. முற்றி உலர்ந்தபின் ஓடு திடுமெனப் பிளந்து விதைகளை எறியும். ஓசை பிறத்தற்குக் காரணம் அதுவே.

சப்பாத்திக்கள்ளியோ அமெரிக்க நிலத்தது. 1492-க்குப் பின்னரே கடல் கடந்து பிற நாடுகளிற் பரவியது. செஞ்சாயப் பூச்சிக்கு உணவாதற்பொருட்டு, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சேம்சு ஆண்டர்சன் இவ்வினச் செடிகளைச் சென்னையில் வளர்த்தார். இதன் முட்கள் கொத்தாக எழுவன. கனி சதைப்பற்றுடையது, வெடிப்பதன்று. தண்டிற் பாலும் இல்லை. வறட்சியைத் தாங்கும் வாழ்வு இருவேறு குடும்பச் செடிகளுக்கு ஒத்த தோற்றம் தந்தது. மக்கள் வழக்கு இரண்டிற்கும் ஒரு பெயர் தந்தது. மயக்கம் அதனால் விளைந்தது.

இலைக்கள்ளியும் இணைமுள்ளும் வெடிகாயும் உடையதே. அதனைக் கொள்ளினும் செய்யுட்பொருள் கெடாது. முள்ளில்லாத கொம்புக்கள்ளியையோ சப்பாத்திக்கள்ளியையோ கொள்ளின் கெடும்.

இது செடிநூலார்க்கு மட்டும் உரிய வினா அன்று. புறாக்கள் பிரிதற்கு ஓர் ஓசையேனும் காரணமாயிற்று. அவை அஞ்சிப் பிரிந்தன. தலைவனோ அச்சம் ஏதுமின்றிப் பொருள் விரும்பிப் பிரியக் கருதுகின்றான். உலகில் அருளைப் பேணுவார் இலர் என்னும் தலைவியின் முடிபு இவ்வேறுபாட்டினால் வலிவு பெறுகின்றது. வெடிக்காத கனியை அக்காட்டில் வைத்துப் பார்ப்பின், ஓசை மறையும். புறாக்கள் நீங்கக் காரணமும் மறையும். ஆதலின், ‘கள்ளி, ஒரு செடி’ என்று உரைத்தமையாது, எக்கள்ளி என்று தெளிதல் உரைகாண்பார் கடனாகும்.