கடைக்குப் போகாத காசு

பாளையம்பட்டி டீக்கடை ஒன்றில் 100 ரூபாய் நாணயத்தை நீட்டினால் என்ன நடக்கும்? கடைக்காரர் இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு, "நோட்டா இருந்தா குடுங்கண்ணே" என்பார். அது கள்ளக்காசு அல்ல. அரசு நாணயச்சாலையில் அடித்ததுதான். ஆனால் கல்லாப்பெட்டிக்காக அடித்ததல்ல, சேகரிப்பவர்களுக்காக அடித்தது.

1982-இல் டெல்லியில் ஒன்பதாவது ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அதையொட்டி 10 பைசா, 25 பைசா, 2 ரூபாய், 10 ரூபாய், 100 ரூபாய் என ஐந்து மதிப்புகளில் நாணயங்கள் வந்தன. எல்லாவற்றிலும் ஒரே சின்னம். ஜந்தர் மந்தரைத் தழுவி வரைந்தது. நெளிந்த விளிம்புள்ள அலுமினியப் 10 பைசா கைமாறித் தேய்ந்தது. 100 ரூபாயோ பெட்டியை விட்டு இறங்கவில்லை. 2010 காமன்வெல்த் போட்டியிலும் இதே கதை: 2, 5 ரூபாய்கள் சந்தைக்குப் போயின, 100 ரூபாய் சேகரிப்புக்குப் போனது.

1982-இன் 100 ரூபாய் 44 மில்லிமீட்டர் அகலம், 35 கிராம் எடை. அதில் வெள்ளி பாதி. செம்பு 40 சதவீதம், நிக்கலும் துத்தநாகமும் தலா 5. அதாவது 17.5 கிராம் வெள்ளி, இரண்டு பவுன் எடைக்கும் சற்றுக் கூடுதல். தனி வெள்ளி மென்மையானது. மற்ற உலோகங்கள் சேர்ந்தால்தான் இறுகும்.

அடிக்கும் விதமும் வேறு. புழக்கக் காசு ஒரே அடியில் உருவாகித் தொட்டியில் கொட்டும். ஒன்றோடொன்று உரசிக் கீறல் விழும். சேகரிப்புக்கான 'ப்ரூஃப்' நாணயத்துக்கு முத்திரை அச்சையும் வெற்று வில்லையையும் முதலிலேயே மெருகேற்றுவார்கள். அழுத்தம் கூட்டி, ஒன்றுக்கு மேற்பட்ட முறை அடிப்பார்கள். அதனால் பின்புலம் கண்ணாடிபோல் முகம் காட்டும். அச்சில் உருவம் குழிந்த இடத்தை மட்டும் சொரசொரப்பாக்கியிருப்பதால், நாணயத்தில் உருவம் பனி படிந்ததுபோல் வெண்மையாக எழுந்து நிற்கும். பிறகு கையுறை போட்டு எடுத்து, உறையில் வைத்து, முகமதிப்பைவிடக் கூடுதல் விலைக்கு விற்பார்கள்.

விளையாட்டை நாணயத்தில் பொறித்து விற்பது உலக வழக்கம். ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்காக ஃபின்லாந்து 1951, 1952 ஆண்டுகளிலேயே 500 மார்க்கா வெள்ளி நாணயம் வெளியிட்டது.

இப்படி ஒரு சேகரிப்பு நாணயம் உங்கள் வீட்டு பீரோவில் கறுத்துக் கிடந்தால், கொலுசை விளக்குவதுபோல் திருநீறு போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். நாணயச்சாலை கொடுத்த மெருகு ஒரு தேய்ப்பில் போய்விடும். கறுத்த காசைச் சேகரிப்பவர் கேட்டு வருவார். விளக்கிய காசை வெள்ளிக்கடைக்காரர் தராசில்தான் போடுவார்.